பிளேடு இறங்குவதற்கு முன்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமண ஆசிரியர் வச்சிரநந்திக்குப் பல்லவன் சிம்மவர்மன் நிலம் கொடுத்ததைப் பள்ளன்கோவில் செப்பேடு சொல்கிறது. 6-ஆம் நூற்றாண்டுச் சங்கதி. அந்தக் காலத்தில் நிலம் கைமாறுவது ஓலையில் ஒரு வரி எழுதியதும் முடிந்துவிடும் காரியமாக இருக்கவில்லை. நாட்டார் கூடுவார்கள். எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கல்லும் கள்ளியும் நடுவார்கள். வாய்க்கால் எங்கே திரும்புகிறது, ஏரிக்கரை எதுவரை போகிறது என்பதெல்லாம் செம்பில் ஏறும். எல்லையைச் சுற்றிப் பெண்யானையை நடத்திக் கூட்டிப்போனதாகச் சொல்லும் செப்பேடுகளும் உண்டு.

அந்தப் பிடி மூன்று டன் எடை இருந்திருக்கலாம். இப்போது காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நிலங்களுக்கு வருவது ஐம்பது டன். யானை நடந்த பிறகும் கல்லும் கள்ளியும் அங்கேயே இருந்தன. இது போன பிறகு எதுவும் இருப்பதில்லை.

புல்டோசரைப் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் அதைச் சரியாகப் பார்த்தவர்கள் குறைவு. தொலைக்காட்சியில் வீட்டுச் சுவரை இடிக்கும் மஞ்சள் வண்டி பெரும்பாலும் ஜேசிபிதான். நான்கு ரப்பர் சக்கரம், முன்னால் வாளி, பின்னால் மடங்கும் கை, ஏழெட்டு டன் எடை. கையை நீட்டி மண்ணை அள்ளி அரைவட்டம் திரும்பிக் கொட்டுவதை நம் ஊரில் பொக்லைன் என்பார்கள். டோசர் இந்த இரண்டும் அல்ல. அதற்கு அள்ளத் தெரியாது, தூக்கத் தெரியாது. சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின். முன்னால் ஆள் உயர பிளேடு. பின்னால் பாறையைக் கிழிக்கும் ரிப்பர் என்ற கொம்பு. அதன் வேலை தள்ளுவது, தள்ளுவது மட்டுமே. பொதுத்துறை நிறுவனமான பெமல் நிலக்கரிச் சுரங்கங்களுக்காகச் செய்த பிடி 355 ரக டோசரின் இன்ஜின் 410 குதிரைத் திறன் கொண்டது.

இவ்வளவு எடையும் மண்ணில் புதையாமல் நிற்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு செயின்களும் தரையில் படும் பரப்பு மிகப் பெரியது. ஐம்பது டன்னை அந்தப் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ சொச்சம்தான் வரும். உங்கள் காரின் டயர் தரையை அழுத்துவது இதைவிட அதிகம். கார் சிக்கிக்கொள்ளும் சேற்றில் டோசர் சாவகாசமாகப் போவதற்கு இதுவே காரணம்.

இந்தச் செயின் பிறந்ததே சேற்றில்தான். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரைச் சுற்றியுள்ள ஆற்றுப் படுகை மண் பஞ்சுபோல் அமிழும். பெஞ்சமின் ஹோல்ட் செய்த நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். இன்னும் அகலமாக்கினார்கள். ஒரு வண்டியின் மொத்த அகலம் 14 மீட்டரைத் தொட்டது. அது வயலில் ஓடுமா, வயலையே மூடுமா என்று கேட்க வேண்டிய நிலை. 1904 நவம்பர் 24 அன்று ஹோல்ட், பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரப்பலகைகள் கோத்த செயினைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். வண்டி புதையவில்லை. அந்த ஓட்டத்தைக் கண்டு கம்பளிப்புழு என்ற பொருளில் கேட்டர்பில்லர் என்று பெயர் வந்தது. 1925-இல் ஹோல்ட் நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயரிலேயே கம்பெனி ஆனது.

பிளேடு வேறோர் இடத்திலிருந்து வந்தது. 1923-இல் கான்சாஸ் மாநிலத்தில் மோரோவில் என்ற சிற்றூரில் ஜேம்ஸ் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் எர்ல் மெக்லியோட் என்ற வரைவாளரும் எண்ணெய்க் குழாய் பதித்த பள்ளங்களை மூடும் வேலை நடப்பதைக் கண்டார்கள். அங்கே ஆட்கள் கோவேறு கழுதைகளைக் கட்டி மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பழைய காற்றாலையின் ஸ்பிரிங், ஃபோர்டு காரின் சட்டம் என்று கிடைத்த காயலான் சாமான்களைச் சேர்த்து டிராக்டரின் முன்னால் ஒரு பலகையைப் பொருத்தினார்கள். 1925-இல் காப்புரிமை கிடைத்தது.

நடவுக்கு முன் சேற்றை மட்டம் பார்க்க நம் உழவர்கள் மாட்டின் பின்னால் கட்டி இழுக்கும் பரம்புப் பலகைதான் இந்த பிளேடுக்கு மூத்த உறவு என்று எனக்குத் தோன்றும். பரம்பின்மேல் ஆள் ஏறி நிற்பார். மேடு வந்தால் அழுத்துவார், பள்ளம் வந்தால் பாரத்தைத் தளர்த்துவார். நிலத்தைக் கண்ணால் அல்ல, பாதத்தால் அறிவார். நல்ல டோசர் ஆபரேட்டரும் அப்படித்தான். பிளேடின் கீழ் விளிம்பு அவருக்குத் தெரியாது. இருக்கை அதிர்வதிலும் இன்ஜின் முனகுவதிலும் அவர் மண்ணைப் படிக்கிறார். பரம்பு ஒரு விரற்கடை திருத்தும். டோசர் ஒரு மூச்சில் ஒரு மேட்டையே திருத்திவிடும். ஆகவே கை தவறினால் விலையும் பெரிது.

பிறகு நடந்ததெல்லாம் பெருக்கம். பிளேடைக் கம்பிவடத்தால் தூக்கிய இடத்தில் ஹைட்ராலிக் வந்தது. பெட்ரோல் போய் 1931-இல் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர் வந்தது. 1950-களின் நடுவில் டி9, 1977-இல் செயினை ஓட்டும் பல்சக்கரத்தை மேலே தூக்கி வைத்து முக்கோணமாக்கிய டி10. ஜப்பானின் கோமாட்சு 1940-களில் தொடங்கி, 150 டன்னைத் தாண்டிய டி575-ஐச் செய்தது.

இதை உலகம் முழுவதும் கொண்டுபோனது போர். பசிபிக் போரை வென்று கொடுத்த கருவிகளாக நீர்மூழ்கி, ராடார், விமானம் ஆகிய மூன்றைச் சொன்ன அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஹால்சி, நான்காவதாக புல்டோசரைச் சொன்னார். அசாமின் லேடோவிலிருந்து பர்மாக் காடுகளை வெட்டி, சீனாவின் குன்மிங் நகர்வரை 1,700 கிலோமீட்டருக்கு மேல் சாலை போனதில் டோசர்களின் பங்கு பெரியது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற இயந்திரங்கள் இந்தியாவில் குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டே சுதந்திர இந்தியா மத்திய டிராக்டர் அமைப்பைத் தொடங்கி, மத்திய இந்தியாவில் காஸ் என்ற ஆழவேர்ப் புல் பிடித்துத் தரிசாகிப்போன நிலங்களை மீட்டது. 1949-இல் உலக வங்கி இந்தியாவுக்கு இந்த வேலைக்காகவே ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. அன்றைக்கு டோசர், சோற்றுக்கான இயந்திரம்.

கடன் வாங்கி இறக்குமதி செய்தது போதும் என்று 1964-இல் பெமல் நிறுவப்பட்டது. தலைமையகம் பெங்களூரு. மண் இயந்திரங்கள் செய்ய அது தேர்ந்தெடுத்த இடம் கோலார் தங்கவயல். ஆற்காட்டுப் பக்கமிருந்தும் சேலம் பக்கமிருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய ஊர். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே வெடி வைத்துத் தங்கம் எடுத்த குடும்பங்களின் பிள்ளைகளில் பலர், தரைக்கு மேலே கோமாட்சு தொழில்நுட்பத்தில் டோசர் கோக்கும் வேலைக்குப் போனார்கள். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. டோசர் தொழிற்சாலை நிற்கவில்லை. அந்த ஊரைச் சினிமா வழியாக மட்டும் தெரிந்தவர்களுக்கு இது தெரியாது.

காஞ்சிக்கும் இந்தத் தொழில் தூரமில்லை. திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண் இயந்திர ஆலை பின்னர் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. கோமாட்சு ஒரகடத்தில் இருக்கிறது. உலகச் சந்தையில் முட்டிக்கொள்ளும் இரு கம்பெனிகளும் பட்டுப்புடவை வாங்கப் போகும் வழியில்தான் கடை விரித்திருக்கின்றன.

மண்ணோடு பழகும் முறை

நெய்வேலிக்குப் போனால் டோசர் எதற்குப் படைக்கப்பட்டதோ அந்த வேலையைப் பார்க்கலாம். 1956-இல் என்எல்சி நிறுவனம் பதிவாகி, 1957 மே 20-இல் நேரு வெட்டுப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அகற்றியதே வேலை. அங்கே பேர்பெற்றவை ஜெர்மானியச் சக்கர வெட்டு இயந்திரங்கள். பார்க்க வருகிறவர்கள் அவற்றைத்தான் படம் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பெரிய சக்கரம் நிற்கத் தரை சமமாக இருக்க வேண்டும். அதைச் சமமாக்கித் தருவது டோசர். வெட்டுமுகம் முன்னேற முன்னேற, மண்ணைச் சுமக்கும் நீண்ட கன்வேயர் தொடரையே பக்கவாட்டில் இழுத்து நகர்த்துவதும் டோசர். சமையற்காரர் பெயர் வாங்க, அடுப்படி ஆள் வேலை பார்ப்பது எல்லா இடத்திலும் உண்டு.

விவசாயிக்கும் இது கிடைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை பல காலமாக டோசர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. சீமைக்கருவேலம் மண்டிய தரிசைத் திருத்தவும் மேடு பள்ளத்தைச் சமன் செய்யவும் உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். டோசர் சாலையில் ஓடி வராது, தார் பெயர்ந்துவிடும். டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். செயினும் அதன் உருளைகளும் தேய்வதால் ஆகும் செலவே பராமரிப்பில் ஏறக்குறைய பாதியை விழுங்கும். ஆகவே மணிக்கு ஆகும் காசை நினைத்து, "சீக்கிரம் முடிங்க அண்ணே" என்று ஆபரேட்டரை விரட்டுவது வழக்கம். விரட்டக் கூடாது. முதலில் மேல்மண்ணை அரை அடி வழித்து ஓரமாகக் குவிக்க வேண்டும். பிறகு அடிமண்ணைச் சமன் செய்து, குவித்த மேல்மண்ணை மறுபடி பரப்ப வேண்டும். இந்த இரட்டை வேலைக்குக் கணக்குப் பார்த்து நேராகத் தள்ளச் சொன்னால், வளமான மண் பள்ளத்துக்குள் போய்ப் புதையும். மேட்டில் சுக்காம்பாறை பல்லைக் காட்டும். நிலம் கண்ணாடிபோல் சமமாக இருக்கும், பயிர் மட்டும் நிற்காது.

ஏரி வேலையில் இன்னொரு பிழை. புதைய விடாமல் டோசரைக் காப்பாற்றும் அதே குறைந்த அழுத்தம், கரை கட்டும்போது குறையாகிறது. டோசர் தள்ளிக் குவித்த மண் இறுகுவதில்லை. முக்கால் அடி, ஒரு அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, முள் உருளை கொண்ட ரோலரை ஓட்டினால்தான் கரை கரையாகும். மேலே நாலு தடவை டோசரை ஓட்டிவிட்டு "கெட்டியாயிடுச்சு" என்று பில் போடும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கரை புகைப்படத்தில் அழகாக இருக்கும், ஐப்பசி மழையில் உடையும். நூறு மீட்டருக்கு மேல் மண்ணை நகர்த்த டோசரைப் பயன்படுத்துவதும் வீண்தான். வழியிலேயே பாதி மண் பக்கவாட்டில் சிந்திவிடும். அந்தத் தூரத்துக்கு லாரி வேண்டும்.

யார் கையில் லீவர்

ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்கள் ஏ9 சாலையோரம் துருப்பிடித்து நிற்கும் ஒரு டோசரைப் பார்த்திருப்பார்கள். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், டோசருக்கு இரும்புக் கவசம் போர்த்தி முன்னே அனுப்பினார்கள். ஜூலை 14 அன்று அதன்மேல் ஏறிக் கைக்குண்டால் தடுத்து உயிர்விட்ட காமினி குலரத்னவுக்கு இலங்கை ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருது முதன்முறையாகக் கொடுக்கப்பட்டது. அந்த டோசரை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதே நாட்டில், மாவீரர் துயிலும் இல்லங்களை ராணுவம் கனரக இயந்திரங்களால் தரைமட்டமாக்கியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்தில் படைத் தலைமையகம் எழுந்தது. டோசரை நினைவாக வைத்த கை, நினைவை டோசரால் அழித்தது. இஸ்ரேல் ராணுவம் டி9-க்குக் கவசம் போட்டு பாலஸ்தீன வீடுகளை இடிப்பது உலகறிந்தது. 2003 மார்ச் 16 அன்று ரஃபாவில் அப்படியொரு டோசரின் முன் நின்ற அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரி உயிரிழந்தார்.

நம் ஊரைப் பார்ப்போம். 2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில், கதிர் பிடித்துக்கொண்டிருந்த நெல் வயலுக்குள் என்எல்சி கால்வாய் வேலைக்காக மண் எடுக்கும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கட்டும். அறுவடைக்குச் சில வாரம் பொறுத்திருந்தால் சுரங்கம் நின்றிருக்காது. நெல்லைத் தாயாக நினைக்கும் ஜனங்களுக்கு முன்னால் கதிரை மண்ணோடு புரட்டிய அந்தக் காட்சி, எத்தனை இழப்பீட்டாலும் அழியப் போவதில்லை. நெய்வேலி ஆறு தசாப்தமாகச் சேர்த்த நல்ல பெயரில் ஒரு பகுதி அன்று காலையிலேயே கரைந்தது.

வட மாநிலங்களில் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டை விசாரணைக்கு முன்பே இடிப்பது ஆட்சியின் வீரமாகக் கொண்டாடப்பட்டது. தேர்தல் ஊர்வலத்தில் இயந்திரத்தையே அலங்கரித்து ஓட்டினார்கள். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு இதற்குக் கடிவாளம் போட்டது. 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு, காரணம் எழுதிய உத்தரவு, இடிப்பதைக் காணொளியில் பதிவு செய்வது, மீறும் அதிகாரியின் சொந்தப் பொறுப்பு. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு இந்த விதி பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது.

காஞ்சிக்கு அந்த விலக்குதான் முக்கியம். ஏனென்றால் இங்கே பிரச்சினை முழுக்க நீர்நிலை.

திருப்பருத்திக்குன்றத்தில் திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சங்கீத மண்டபம் கட்டினார். விதானத்து ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்கள், பக்கத்தில் போகும் வேகவதியைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதை ஆறு என்று நம்புவது கடினம். கரை நெடுக வீடுகள், ஆற்றுக்குள் குப்பை. ஆக்கிரமிப்பை அகற்றி, அங்கிருந்தவர்களுக்குக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடு கொடுக்கும் வேலை பல ஆண்டாக இழுத்துக்கொண்டு போகிறது. ஆற்றை மீட்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இது நெசவு ஊர். நெசவாளிக்கு வீடுதான் பட்டறை. சுவரைத் தள்ளும்போது தறியும் சேர்ந்து போகிறது. மூன்றாவது மாடியில் தறிக்குழி தோண்ட முடியாது. மாற்று வீட்டுக் கணக்கில் சதுர அடி இருக்கிறது, தறி இருக்கிறதா என்று கேட்பதற்கு ஒரு அதிகாரியாவது வேண்டும்.

இன்னொரு பக்கம் பரந்தூர். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று அறிவித்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துவருகிறார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். அதில் ஏரிகள் இருக்கின்றன. பாலாற்று நீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுபோகும் கம்பன் கால்வாயும் குறுக்கே போகிறது. ஓடுதளம் என்றால் சமதளம். சமதளம் என்றால் டோசர்.

இந்த வட்டாரம் பார்வைக்குத் தட்டை, ஆனால் தட்டை அல்ல. மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சரிவில் ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. மேலேரி நிறையாமல் கீழேரிக்கு இல்லை. இத்தனையும் ஓரிரு அடி உயர வேறுபாட்டில் நிற்கும் ஏற்பாடு. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் தேர்தலுக்காகப் பெயர்பெற்றவை. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த ஓரிரு அடியைக் காப்பாற்றவே ஒரு வாரியம் வைத்தார்கள். வீட்டுமனை போடுகிறவரின் டோசருக்கு அந்த ஓரிரு அடி அரை மணி நேர வேலை. மனை சமமாகிவிடும். வாய்க்கால் இருந்த இடம் தெரியாது. அதில் போயிருக்க வேண்டிய தண்ணீர் எங்கோ நாலு ஊர் தாண்டி யாருடைய வாசலையோ தேடிப் போகும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அடைபட்ட வாய்க்கால்கள் எல்லாம் தங்கள் முகவரியைக் காட்டிக்கொடுத்தன.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007-இல் வந்தது. முதலில் ஏரியை அளக்க வேண்டும், வரைபடம் போட வேண்டும், எல்லையை அறிவித்து அடையாளம் நட வேண்டும், அப்புறம் அறிவிப்பு, அப்புறமே வெளியேற்றம். வரிசையைப் பாருங்கள். பல்லவர் காலத்து நாட்டார் நடந்த அதே வரிசை. நடைமுறையில் நாம் கடைசிப் படியை முதலில் வைக்கிறோம். வண்டி வந்துவிடும், அளவை பிறகு வரும். ஏழை வீடு என்றால் வண்டி விடியற்காலையில் வரும். மனை வியாபாரியின் வண்டி விடுமுறை நாளில் வரும். இரண்டிலும் வரைபடம் வருவதில்லை.

டோசர் மீது எனக்குக் கோபம் இல்லை. இந்த நாட்டின் அணை, சுரங்கம், சாலை, தரிசு எதுவும் அது இல்லாமல் ஆகியிருக்காது. மலைப்பாதையில் மண் சரிந்தால் முதலில் தேடுவதும் அதைத்தான். ஆனால் அது முதலில் போக வேண்டிய இடம் சரிந்த மலைப்பாதை மட்டுமே. மற்ற எல்லா இடத்துக்கும் கடைசியாகத்தான் போக வேண்டும்.

காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசு இணையதளத்தில் உங்கள் புல எண்ணின் வரைபடம் கிடைக்கும். உங்கள் வயலுக்கு மட்டும் எடுக்காதீர்கள். பக்கத்து ஏரி, வரத்து வாய்க்கால், கலங்கல் எண்களுக்கும் சேர்த்து அச்செடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைக் கேட்டுச் சரிபாருங்கள். எல்லைக் கல் இல்லாத இடத்தில் மறு அளவைக்கு மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். டிரெய்லரில் ஏறி வரும் வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திக் கேட்பதற்கு அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.